எருக்கும் என் இன்ஷியலும்

ஒன்பது வருடம் எருக்கஞ்செடியின் பின்னால் அலைந்த எனக்கு ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே இருந்த தாளில் இரண்டே வரி. “ஆய்வேட்டின் தலைப்பில் உள்ள தாவரக் குடும்பம் தற்போது நடைமுறையில் இல்லை. தலைப்பையும் தொடர்புடைய பகுதிகளையும் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.” எழுதியவர் என் ஆய்வேட்டை மதிப்பிட்ட வெளியூர்ப் பேராசிரியர். அவர் முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதாக இருந்திருக்காது.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. நாற்பதைத் தாண்டிய பிறகு பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். பாடம், நம் ஊரைச் சுற்றி வளரும் எருக்குக் குடும்பச் செடிகள். எருக்கு, வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான், கொடிப்பாலை என்று உடைத்தால் பால் வடிகிற ஒரு கூட்டம். சனி ஞாயிறுகளில் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றங்கரை, திருப்புட்குழி ஏரிக்கரை, ஐயம்பேட்டை சாலையோரம் என்று முள்ளில் புடவை கிழியச் சுற்றினேன். ஷேர் ஆட்டோவில் மடியில் செடிக்கட்டோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன கீரை என்று கேட்பார்கள். எருக்கு என்று சொன்னால் கொஞ்சம் தள்ளி உட்கார்வார்கள்.

பறித்த செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி, மூலையில் பெயரும் குடும்பமும் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் பெயர் தப்பு என்று பிறகு தெரிந்தாலும் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. அதன் பக்கத்திலேயே சின்னதாக ஒரு புதுச் சீட்டு ஒட்டி, சரியான பெயரையும் அதை உறுதி செய்தவர் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். யார் எப்போது தப்பு செய்தார், யார் எப்போது திருத்தினார் என்பது தாளிலேயே இருக்கும். என் வீட்டு அலமாரியில் அப்படி நானூறு தாள்கள். ஒவ்வொன்றிலும் இப்போது இல்லாத ஒரு குடும்பத்தின் பெயர், என் கையெழுத்தில்.

திருத்தி அனுப்புவது பெரிய வேலை இல்லை என்று நினைப்பீர்கள். என் பதிவுக்காலம் முடிய நான்கு மாதம்தான் இருந்தது. அதை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. அந்த நான்கு மாதத்துக்குள் புதுத் தலைப்புக்கு அனுமதி வாங்கி ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஒன்பது வருடமும் குப்பை. எனக்கு வயது ஐம்பத்தொன்று, முதலிலிருந்து தொடங்குகிற தெம்பு இல்லை.

கோபத்தில் பாதி என்மேலேயே. அந்தக் குடும்பம் போய்விட்டது என்று எனக்கு முன்பே தெரியும். அரளி, நித்தியகல்யாணி இரண்டும் ஒரு குடும்பம், எருக்கு வேறு குடும்பம் என்றுதான் நான் படித்தேன், அப்படித்தான் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மூன்றிலும் பால் வரும். ஆனால் அரளியில் மகரந்தம் தூளாக இருக்கும். எருக்கம்பூவில் அது இரண்டு சின்னப் பைகளாகக் கட்டி, நடுவில் ஒரு கொக்கியோடு, வண்டின் காலில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இவ்வளவு வினோதமான ஏற்பாடு இருக்கிறதே, இது தனிக் குடும்பம்தான் என்று பழைய ஆட்கள் பிரித்துவைத்தார்கள். பிறகு மரபணு ஆராய்ச்சி வந்தது. இலையை அரைத்து, மரபணுவைப் பிரித்தெடுத்து, செடிக்குச் செடி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். பார்த்தால் அரளிக்கு எருக்குத்தான் கிட்டத்து உறவு. அரளியோடு ஒரே வீடு என்று எழுதிவைத்திருந்த நித்தியகல்யாணி தூரத்து உறவு. தூரத்து உறவை வீட்டுக்குள் உட்கார வைத்து, கிட்டத்து உறவைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள். எருக்கை அரளிக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள், எருக்குக் குடும்பம் என்ற பெயர் ஒழிந்தது.

பதிவு செய்யும்போதே இதை என் நெறியாளரிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த பேராசிரியர். “கொக்கியக் கண்ணால பாக்கறோம். மரபணுவ யாரும்மா பாத்தா? இன்னைக்கி ஒண்ணு சொல்லுவான், நாளைக்கி மாத்துவான். நீ பழைய பேர்லயே போடு” என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. அரளிக் குடும்பம் என்று போட்டால் அரளியைச் சேர்ந்த எல்லாவற்றையும் அல்லவா தேட வேண்டும்? வாயை மூடிக்கொண்டு பழைய பெயரையே போட்டேன். அவர் ஓய்வுபெற்று மகளோடு வெளிநாடு போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்.

சரி, தலைப்பை மாற்றுவோம் என்று சென்னைக்குப் பஸ் ஏறினேன். ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எல்லா மாற்றத்துக்கும் அந்த ஒரே படிவம்தான். பழையது, புதியது, மாற்றத்துக்கான காரணம் என்று கட்டம் போட்டிருந்தது. பழையது என்ற இடத்தில் பழைய தலைப்பையும் புதியது என்ற இடத்தில் புதுத் தலைப்பையும் லத்தீன் பெயர்களோடு எழுதினேன். காரணம் என்ற கட்டம் தீப்பெட்டி அளவு இருந்தது. அதற்குள் மரபணுவை எங்கே அடக்குவது? யோசித்துச் சுருக்கமாக எழுதினேன். “இரு குடும்பங்கள் இணைந்ததால் குடும்பப் பெயர் மாறியுள்ளது.”

நன்றாகப் படியுங்கள். இந்த ஒரு வரியால் எனக்கு மூன்று மாதம் போயிற்று.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. நான் பள்ளியில் இருந்தேன். வீட்டில் வாங்கிப் பிரித்தது தம்பி மனைவி. அப்பா அம்மா போன பிறகு நான் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன், அதாவது அப்பா கட்டிய அதே வீட்டில். தம்பி முன்னறையில் தறி போட்டுப் பட்டுப் புடவை நெய்கிறான். சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது தறி நின்றிருந்தது. தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்காமல் போனாள். இரவு சாப்பாட்டிலும் பேச்சு இல்லை. மறுநாளும் இல்லை. என்ன குற்றம் செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே அந்த உறையை என் கையில் கொடுத்தாள்.

“அண்ணி, எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம். நாங்க இன்னா வேணாம்னா சொல்லப் போறோம்?”

“எத சொல்லி இருக்கலாம்?”

“படிச்சுப் பாருங்க.” கண் கலங்கியிருந்தது. “அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல.”

உறையின் மேல் திருமதி என்று போட்டு என் பெயர். முன்னால் இன்ஷியலைக் காணோம். உள்ளே இப்படி இருந்தது. திருமணத்தின் காரணமாகக் குடும்பப் பெயர் மாற்றம் கோரிய தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. பழைய இன்ஷியல் நீக்கப்பட்டது. கணவர் பெயருக்கான புதிய இன்ஷியலைச் சேர்க்க, திருமணப் பதிவுச் சான்றின் நகலை முப்பது நாட்களுக்குள் அனுப்பவும்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. இரண்டு குடும்பங்கள் இணைந்தனவாம், குடும்பப் பெயர் மாறியதாம், விண்ணப்பித்தவர் பெண். அந்தப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் இதற்குமேல் எதையும் படிக்கவில்லை. பழையது, புதியது என்று நான் பாடுபட்டு எழுதிய லத்தீனை அவர் கண்ணெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். இரு குடும்பம் இணைந்தால் நம் ஊரில் அது கல்யாணம்தானே.

“இது எருக்கஞ்செடியோட குடும்பம்” என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதற்குள் எதிர்வீட்டம்மா வாசலில் என்னைப் பார்த்து, “இன்னா டீச்சர், விசேஷம்னாங்க?” என்று கேட்டுவிட்டார். ஐம்பத்தொரு வயதில் எருக்கஞ்செடி எனக்குக் கல்யாணம் செய்துவைத்தது.

மறுபடி சென்னை. அந்த இருக்கையில் இருந்தவர் நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். திட்டவும் முடியவில்லை.

“மேடம், நீங்கதான குடும்பப் பேர் மாறிடுச்சின்னு எழுதி இருக்கீங்க?”

“அது செடியோட குடும்பம் சார். எனக்குக் கல்யாணமே ஆகல.”

அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். “ஐயோ” என்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இன்னொரு “ஐயோ” சொன்னார். “மேரேஜ்னு ஏத்திட்டேன் மேடம். ஒரு தடவ ஏறிடுச்சின்னா நான் எடுக்க முடியாது. தப்பா ஏறிச்சின்னு நிரூபிக்க ஆதாரம் வேணும்.”

“ஆகலைங்கறதுக்கு இன்னா ஆதாரம்?”

“இருக்குதே மேடம். திருமணமாகாதவர் சான்று. தாசில்தார் ஆபீஸ்ல குடுப்பாங்க. அத வச்சாத்தான் இத மூட முடியும். இத மூடினாத்தான் தலைப்பு மாத்தற பக்கமே தொறக்கும்.”

எருக்கு எந்தக் குடும்பம் என்று மரபணுவை எண்ணிச் சொல்லியாயிற்று, உலகம் ஏற்றுக்கொண்டாயிற்று. அதைக் காஞ்சிபுரத்து ஆய்வேடு ஒன்றில் எழுத, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டும். பஸ் ஏறித் திரும்பினேன். நாற்பது வயதுவரை ஏன் ஆகவில்லை என்று ஊரே கேட்டது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அந்த நிம்மதியில்தான் நான் படிக்கவே உட்கார்ந்தேன். இப்போது நானே வலியப் போய் ஆகவில்லை, ஆகவில்லை என்று சான்று கேட்டு நிற்க வேண்டும். அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பியிடம் முழுக்கதையும் சொன்னேன். அவன் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டான். எருக்கு, அரளி, மரபணு என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினான். புரியாமல் ஆட்டுகிறான் என்றுதான் நினைத்தேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். இந்த எருக்க கோர்வை போட்டு சேத்தாங்களா, இல்ல ஒரே பாவுல வந்துதா?”

கோர்வை என்றால் புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நூலில் ஓட்டி, வரிக்கு வரி கோத்து இணைப்பது. எங்கள் ஊர்ப் புடவைக்கு அதுதான் பெயர் வாங்கித் தந்தது. பாவு என்றால் நீளவாக்கில் முதலிலேயே தறியில் கட்டிவிடும் நூல். மரபணு சொன்னது இணைப்பை அல்ல. எருக்கு எங்கிருந்தோ வந்து அரளியோடு சேரவில்லை. அது தொடக்கத்திலிருந்தே அந்த வீட்டுப் பிள்ளை. கொக்கியைப் பார்த்து நாம்தான் வேறு வீடு என்று எழுதிவைத்திருந்தோம். “இணைந்ததால்” என்று நான் எழுதினேனே, தாவரவியல்படியே அது தப்பு. அந்தத் தப்பு வார்த்தையைத்தான் அந்த மனிதர் சரியாகப் புரிந்துகொண்டு எனக்குக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்.

“ஒரே பாவுதான்” என்றேன்.

“அப்பறம் ஏன் சேந்துதுன்னு எழுதின?” என்று கேட்டுவிட்டு அவன் மிதியை அழுத்தினான். ஒன்பது வருடம் படித்தவள் நான்.

சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். ஒரு முறை போட்டோ பெரிதாக இருக்கிறது என்று திரும்பியது, ஒரு முறை குடும்ப அட்டை நகல் மங்கல் என்று திரும்பியது. பதிவுக்காலத்தில் ஆறு வாரம் மிச்சம் இருந்தபோது கிராம நிர்வாக அலுவலர் நேரில் கூப்பிட்டார். குடும்பத்தில் ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். தம்பி தறியை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தான்.

அலுவலர் சின்ன வயதுக்காரர். படிவத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் மேடம் நீங்க கல்யாணம் பண்ணிக்கல?”

“அது படிவத்துல கேட்டிருக்குதா?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

“சும்மாதான் பண்ணிக்கல.”

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார். “இவங்க எங்கனா தனியா இருந்துட்டு, அப்பறம் உங்க குடும்பத்தோட வந்து சேந்துக்கினாங்களா? எந்த வருஷத்துலேந்து உங்க கூட இருக்காங்க?”

தம்பி அதிகம் பேசுகிறவன் இல்லை. அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

“இன்னா சார் வந்து சேர்றது? இது அவங்க வூடு. அந்த வூட்லயே பொறந்துது, அந்த வூட்லயே இருக்குது. எங்கயும் போவல. நான்தான் சார் அதுக்கு அப்பறம் பொறந்தேன்.”

அலுவலர் பேனாவை நிறுத்தினார். இத்தனை வருடமாக அந்த வீட்டில் நான் காலையில் முதல் ஆளாகக் குளித்து, மாதச் சம்பளத்தில் பாதியைக் கேட்காமலே கொடுத்து, செடித்தாள் அலமாரி யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து இருந்திருக்கிறேன். வந்து ஒட்டிக்கொண்டவள் என்று என் சீட்டை நானே எழுதி வைத்திருந்தேன். அது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

சான்று வந்தது. மூன்றாம் முறை சென்னை. அதே மனிதர், அதே படிவம், அதே தீப்பெட்டிக் கட்டம். இந்த முறை யோசிக்கவில்லை. “குடும்பம் இணையவில்லை. எருக்கு, அரளியின் குடும்பத்திலேயே பிறந்தது என்று மரபணு காட்டுவதால்” என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, “இப்ப க்ளியரா இருக்குது மேடம்” என்றார். எரிந்து விழ வேண்டும் போல இருந்தது, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மீதி நாளில் ஆய்வேட்டில் குடும்பம் என்று வந்த இடத்தையெல்லாம் துணைக்குடும்பம் என்று மாற்றி, ஒப்பீட்டுக்கு அரளியையும் நித்தியகல்யாணியையும் சேர்த்து, ஒரு இயலை முழுதாகத் திரும்ப எழுதினேன். நானூறு தாளிலும் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டினேன். ஒட்ட உதவியது தம்பி மனைவி. கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் கொடுத்தாயிற்று.

வாய்மொழித் தேர்வில் அந்த வெளியூர்ப் பேராசிரியரின் முகத்தைக் கடைசியில் பார்த்தேன். சளி பிடித்து, கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கோபப்பட முடியவில்லை. “இரண்டு குடும்பங்களும் எந்த அடிப்படையில் இணைக்கப்பட்டன?” என்று கேட்டார். இவருமா என்று இருந்தது. “இணைக்கப்படவில்லை ஐயா” என்று தொடங்கினேன். கோர்வை, பாவு எல்லாம் வந்துவிட்டது, தம்பி பெயரைத் தவிர. அவர் தும்மிவிட்டு, சரி என்றார்.

பட்டம் வந்தது. தம்பி அதை என்னிடம் காட்டாமல் நேரே கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு, தறிக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டான். சாயங்காலம் வந்து பார்த்தேன். தலைப்பு சரி. துணைக்குடும்பத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் சரி. அப்பாவின் இன்ஷியல் திரும்ப வந்திருந்தது. அதற்கு முன்னால் கொட்டை எழுத்தில் திருமதி.

தம்பி மனைவிதான் முதலில் பார்த்திருக்கிறாள், சொல்லப் பயந்திருக்கிறாள். “மாத்திக்கலாம் அண்ணி. திரும்பப் போனா மாத்தித் தருவாங்க இல்ல?” என்றாள். திரும்பப் போனால் படிவம் தருவார்கள். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். என்னால் முடியாது. இந்த ஜென்மத்தில் நான் அந்தப் படிவத்தை இன்னொரு முறை தொட மாட்டேன்.

அலமாரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன். “செல்வி” என்று எழுதினேன், தேதி போட்டேன். உறுதி செய்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, தறியில் இருந்த தம்பியிடம் நீட்டினேன்.

“நான் இன்னாக்கா போடறது?” என்றான்.

“நீதான போட முடியும்” என்றேன்.

அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இன்ஷியலோடு கையெழுத்துப் போட்டான். என் பெயருக்கு முன்னால் இருக்கிற அதே எழுத்து.